இரண்டே முக்கால் லட்சம் கட்டி வெளிநாடு போகலாமா, பாம்பன் கரையிலேயே இருக்கலாமா?

கேள்வி: பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார், அம்மா கடலில் பாசி எடுக்கிறார். நான் சென்னையில் மருத்துவமனை, சுகாதார மேலாண்மை எம்.பி.ஏ. முதல் வருடம் படிக்கிறேன். மே, ஜூனில் எட்டு வார இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஒரு ஏஜென்சி, உலக சுகாதார மேலாண்மைப் பயிற்சி என்று கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆறு வாரத்துக்கு 2.75 லட்சம் ரூபாய் கேட்கிறது. விமான டிக்கெட் தனி. மீன் வியாபாரியிடம் கூடுதலாக முன்பணம் வாங்கித் தருகிறேன் என்கிறார் அப்பா. எங்கள் பேராசிரியரோ, சொந்த மாவட்டத்திலேயே செய் என்கிறார். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) போய் நான் என்ன மேலாண்மை கற்றுக்கொள்ள முடியும்? வெளிநாட்டு அனுபவம் இல்லாமல் இந்தத் துறைக்குள் நுழைய முடியுமா? பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஏதாவது செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது? அம்மாவையே பேட்டி எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பணத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம். அந்த 2.75 லட்சத்தைக் கட்டாதீர்கள். வியாபாரியிடம் வாங்கும் முன்பணத்துக்கு வட்டி இல்லை என்று சொல்வார்கள். ஆனால் அது தீரும்வரை பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட்டாக வேண்டும். இது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆறு வாரச் சான்றிதழுக்காக அப்பாவின் வலையில் விழும் ஒவ்வொரு கிலோவிலும் சில வருடங்களுக்கு விலை குறையும். அந்தச் சான்றிதழ் அவ்வளவு பெறாது.

எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கும் வேலைக்கும் வரும் விண்ணப்பங்களைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. பணம் கட்டிப் போன பயிற்சியும் அவற்றில் வரும். நேர்காணலில் "அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் "பார்த்தோம், கூடவே போனோம், ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தினோம்" என்பதுதான். அந்த மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஊர் மொழி தெரியாமல், அந்த நாட்டு அரசு மருத்துவமனை எப்படி நடக்கிறது என்பதும் தெரியாமல், ஆறு வாரத்தில் யாரால் வேறென்ன செய்ய முடியும்? அங்குள்ள நர்சம்மா தன் வேலையை விட்டுவிட்டு விருந்தாளியைக் கவனித்துக்கொண்டிருப்பார். நம்மூருக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்திலும் இதே கதைதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் இன்டர்ன்ஷிப் இருக்கிறதே, அதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது, பயிற்சிக் கட்டணமும் கிடையாது. 2020 முதல் அவர்களே உதவித்தொகையும் தருகிறார்கள். வயது குறைந்தது 20, மூன்று வருடப் பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும், காலம் 6 வாரத்திலிருந்து 24 வாரம் வரை. ஜெனீவாவில் மட்டுமல்ல, டெல்லியில் இருக்கும் தென்கிழக்கு ஆசிய அலுவலகத்திலும் இடம் உண்டு. போட்டி கடுமை என்பதால் இந்தக் கோடைக்கே கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், அடுத்த வருடத்துக்கு விண்ணப்பியுங்கள். ஏஜென்சியை எடைபோட இந்த ஒரு உதாரணமே போதும். உலக சுகாதாரத்தின் தலைமை அமைப்பே காசு கொடுத்து ஆளை எடுக்கும்போது, காசு வாங்கிக்கொண்டு அனுப்புகிறவர் விற்பது பயண ஏற்பாடு மட்டும்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதே வருடம் ஜூலை 1ஆம் தேதி அந்த நாட்டின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டது. பல நாடுகளில் அந்தப் பணத்தை நம்பி நடந்த திட்டங்களும் வேலைகளும் போயின. இனி இந்தத் துறையில் ஆள் எடுப்பவர்கள், ஓர் அரசாங்கத்தின் சொந்த அமைப்புக்குள் போய், அதன் பதிவேட்டைப் படித்து, அங்கிருப்பவர்களோடு சேர்ந்து ஒரு வேலையைச் சீராக்கத் தெரிந்தவரைத்தான் தேடுவார்கள் என்பது என் கணிப்பு. அதைக் கற்றுக்கொள்ள உங்கள் ஊரைவிட நல்ல இடம் உங்களுக்கு அமையாது.

"எங்கள் ஊர் பி.எச்.சி.யில் என்ன மேலாண்மை?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு அங்கே போய் உட்காருங்கள். கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள். வருகிறவர்கள் கர்ப்பத்தைப் பதிந்தபோது கிடைத்த பிக்மி எண்ணைச் சொல்ல வேண்டும், எடை பார்க்க வேண்டும், பிரஷர், ரத்தப் பரிசோதனை, ஊசி, டாக்டர், மாத்திரை என்று வரிசையாக நகர வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த பெண் மதியம் ஒரு மணிக்கு வீடு திரும்புகிறார் என்றால், டாக்டர் தாமதமாக வந்தார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, ஒவ்வொரு மேசையிலும் மணியைக் குறிக்கச் சொல்லிப் பாருங்கள். பல இடங்களில் நான் பார்த்தவரை, அடைப்பு டாக்டர் அறையில் இல்லை. ஒரே தகவலை ஒரே செவிலியர் நோட்டிலும் அட்டையிலும் கணினியிலும் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கும் மேசையில்தான் வரிசை நிற்கும். அந்த மேசையில் பதிவுக்கு இன்னொருவரை உட்கார வைத்தாலே கூட்டம் நகர்ந்துவிடும். உங்கள் பாடப் புத்தகத்தில் வரிசைக் கோட்பாடு என்று ஓர் அத்தியாயம் இருக்குமே, அது முழுக்க அந்த ஒரு காலைப்பொழுதில் கண் முன்னால் நடக்கும்.

மருந்து வழங்கலையும் அங்கேயே படிக்கலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்கு வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் அந்த முறையைப் பார்த்துப் பிற மாநிலங்களும் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. வெளிநாட்டு வகுப்பறைகளில் பாடமாகச் சொல்லித்தரப்படும் அமைப்பு அது. அதன் கடைசிக் கண்ணி உங்கள் பி.எச்.சி.யின் ஃபார்மசி ஜன்னல். ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்து, எந்த மாத்திரை எத்தனை நாள் இருப்பில்லாமல் இருந்தது என்று மட்டும் கணக்கெடுத்தாலும் போதும், கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். பாசி எடுக்கும் பெண்கள் பற்றி நான் சிபாரிசு செய்யும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மகளிர் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்தான் அந்தத் திட்டத்தின் கால்கள். 2024இல் ஐ.நா. விருதும் அதற்குக் கிடைத்தது. நல்ல திட்டம், நான் மனதார மதிக்கும் திட்டம். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால், தன்னார்வலர் வரும் நேரத்தில் அந்தப் பெண் வீட்டில் இருந்தாக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும். அந்த நாட்களில் உங்கள் அம்மாவும் அவர் கூட்டாளிகளும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாறையில் காலைக் கிழித்துக்கொண்டு, கரைக்கு வந்து வீடு சேர மதியம் தாண்டிவிடும். தன்னார்வலர் காலையில் வந்து பார்த்தால் கதவு பூட்டியிருக்கும். பதிவில் "வீட்டில் இல்லை" என்று ஒரு வரி விழும். மாதம் முடியும்போது மேலே போகும் அறிக்கையில் அந்தப் பெண் "சிகிச்சையைத் தொடராதவர்" ஆகிவிடுகிறார்.

அந்தப் பதிவேட்டையும் ஒரு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவறிப்போன வருகைகளில் எத்தனை பாசி நாட்களில் விழுந்திருக்கின்றன? வருகையை மாலைக்கோ, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட நடுப்பிறை நாட்களுக்கோ மாற்றினால் எத்தனை வீடு திறந்திருக்கும்? இதற்கு ஒரு எக்செல் தாளும் பொறுமையும் போதும். பதில் கிடைத்தால், அடுத்த மாத அட்டவணையை வட்டார அளவிலேயே மாற்றிவிடலாம், சென்னையிலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பதிவேடு சொல்லாத இன்னொரு பக்கமும் உண்டு. மண்டபம் பக்கத்தில் ஓர் அக்காவின் வீட்டில் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தேதிப்படி பார்த்தால் பாதிக்கு மேல் தீர்ந்திருக்க வேண்டும். சில குழிகள் உடைந்திருந்தன, நடுநடுவே அப்படியே இருந்தன. கேட்டதற்கு, "கடலுக்குப் போற அன்னைக்கு போட மாட்டேன் தாயி, போட்டா தண்ணிக்குள்ள தலை சுத்துது" என்றார். மருந்து வாங்கியவர் என்று பதிவேடு அவரைச் சரியாகத்தான் எழுதியிருந்தது. மாத்திரையை எந்த நேரத்தில் போடலாம் என்று ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்டிருந்தால் போதும். கேட்பதற்கான இடமும் நேரமும் அவருக்கு அமையவில்லை.

இப்படி ஒன்று உங்கள் காதில் விழுந்தால், "ராத்திரி போட்டுக்குங்க" என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் மேலாண்மை மாணவி, மருந்தைப் பற்றி ஆலோசனை சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. அவர் சம்மதித்தால் விஷயத்தை மருத்துவ அலுவலரிடம் கொண்டுபோங்கள். அவரைக் கூட்டிக்கொண்டே போக முடிந்தால் இன்னும் நல்லது.

காலக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாளாக இருந்தது 2017இல் 61 நாளானது. உங்கள் அப்பாவின் நாட்டுப்படகுக்கு அது பொருந்தாது, விசைப்படகுக்காரர்கள்தான் கரையில் இருப்பார்கள். அந்த நாட்களில் மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. பிரஷர் பார்க்கும் முகாமுக்குக் கூட்டம் வரும், தனியார் கிளினிக்குக்குப் போகிறவர்கள் குறைவார்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு, "ஆண்கள் நன்றாகவே பரிசோதனைக்கு வருகிறார்கள்" என்று எழுதினால் அறிக்கை தப்பாகிவிடும். மே முதல் வாரம் தொடங்கி ஜூன் கடைசியில் முடியுங்கள். ஆறு வாரம் தடைக்காலத்திலும் இரண்டு வாரம் தொழில் நாட்களிலும் விழும். அந்த இரண்டு வாரத்தில் ஓ.பி.யில் எத்தனை ஆண்கள் மிஞ்சுகிறார்கள் என்று பாருங்கள், வித்தியாசம் புரியும்.

கோடையில் கச்சான் எனும் மேற்குக் காற்று வலுத்துத் தென்கடல் கொந்தளிக்கும்போது பாசி எடுப்பதும் குறைந்துபோகும். சில ஊர்களில் அந்த மாதங்களில் தாங்களாகவே நிறுத்தி வைக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே மே மாதத்தில் போய்ப் பாசிப் பெண்களைக் கடலோரத்தில் தேடினால் ஆள் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் பழைய பதிவேட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வருகைப் பதிவு ஏற்கெனவே எழுதி முடிந்த ஒன்று, மே மாதக் காற்று அதை மாற்றாது.

தயவுசெய்து, "கடலோரப் பெண்களிடையே உடல்நல விழிப்புணர்வு: ஓர் ஆய்வு" என்று 200 பேரிடம் கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்காதீர்கள். ஒவ்வொரு கோடையிலும் யாராவது இதைச் செய்கிறார்கள். முடிவு எழுதுவதற்கு முன்பே தெரிந்ததுதான்: விழிப்புணர்வு குறைவு, முகாம் நடத்த வேண்டும். கதவு பூட்டியிருக்கும் நேரத்தில் ஆளை அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு விவரம் போதவில்லை என்று முடிவு கட்டுவது எனக்குக் கோபம் வரவைக்கும் காரியம். மேலாண்மை படிக்கிறவர் அளக்க வேண்டியது சேவையை.

வெளிநாட்டு அனுபவம் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் மண்டபம் முகாமின் கதை தெரியுமா? 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளர்களை மண்டபத்தில்தான் நிறுத்தி வைத்தார்கள். இலங்கை அரசு நடத்திய நோய்த்தடுப்பு முகாம் அது. காலரா இருக்கிறதா, அம்மை இருக்கிறதா என்று நாள் கணக்கில் கவனித்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்த பிறகே கப்பலேற்றினார்கள். ஒரு நாட்டின் எல்லையைக் காக்க இன்னொரு நாட்டின் ஏழைகளை எங்கே, எத்தனை நாள், யார் செலவில் நிறுத்துவது என்ற கேள்வி கொரோனா காலத்தில் உலகம் முழுக்க எழுந்தது. நூறு வருடத்துக்கு முன்பே நம் கரையில் அது தினசரி அலுவலாக இருந்திருக்கிறது. பிறகு அதே முகாம் இலங்கையிலிருந்து வந்த அகதிகளின் முகாமானது. 2022இல் இலங்கையில் பொருளாதாரம் நொடித்தபோதும் தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் படகில் வந்து இறங்கிய குடும்பங்கள் அந்த முகாமுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. பாதித் தடுப்பூசி போட்ட குழந்தை, காசநோய் மருந்தை நடுவில் விட்ட பெரியவர் என்று வருகிறவர்களை எந்த நாட்டுப் பதிவேட்டில் சேர்ப்பது? உங்கள் பேராசிரியரிடம் இதை ஒரு நாள் விவாதித்துப் பாருங்கள்.

மலேரியாவும் அப்படித்தான். தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இலங்கையை, மலேரியா ஒழிந்த நாடு என்று 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தப் பக்கம் ராமேசுவரம் தீவு மலேரியாவுக்குப் பேர்போன இடமாக இருந்தது. சவுக்குக்கும் தென்னைக்கும் தண்ணீர் ஊற்ற மணலில் தோண்டி வைக்கும் குழிகளில்தான் அந்தக் கொசு பெருகியது. புதுச்சேரியின் கொசு ஆராய்ச்சி மையத்தார் தீவுக்கே வந்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒழித்த நாட்டில் மறுபடி நுழையாமல் பார்ப்பதும், இன்னும் ஒழியாத கரையில் கட்டுப்படுத்துவதும் தனித்தனி மேலாண்மை வேலைகள். இரண்டையும் ஒரே நீரிணையின் இரு கரையில் பார்க்கும் வாய்ப்பு எத்தனை மாணவர்களுக்குக் கிடைக்கும்? உங்கள் பகுதி சுகாதார ஆய்வாளரோடு ஒரு நாள் குழி குழியாக நடந்து பாருங்கள்.

பாசி வேண்டாம், வேறு வேண்டும் என்று வழிகாட்டி சொன்னால், தீவிலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவதை எடுத்துக்கொள்ளலாம். பிரசவ மரணத்துக்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைக்கும் தாமதம். ராமேசுவரத்தில் 1988 வரை கார் போகும் பாலமே கிடையாது, இரண்டாவது தாமதம்தான் பெரிதாக இருந்தது. இப்போது பாலமும் 108ம் உண்டு, 2022இல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மூன்றில் எது இப்போது அதிகம் என்பதை ஆம்புலன்ஸ் நேரத்தையும் மருத்துவமனைச் சேர்க்கை நேரத்தையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். அனுமதி கிடைப்பது மட்டும் கொஞ்சம் கடினம்.

ஏர்வாடியைத் தொட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய இடம். அதைப் பற்றி ஆழமாகப் படியுங்கள், நாட்டின் மனநலக் கொள்கையையே உலுக்கிய சம்பவம் அது. ஆனால் நோயாளியின் சம்மதத்தை எப்படி வாங்குவது என்பதே பெரிய கேள்வியாக இருக்கும் இடத்தில், எட்டு வார மாணவி நுழைவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எங்கிருந்து தொடங்குவது? நீங்கள் சென்னையில் இருப்பதே வசதி. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் பொது சுகாதாரத் துறை இயக்குநரகம் இருக்கிறது. கல்லூரிக் கடிதத்தை அங்கேயும், நகலை மாவட்ட சுகாதார அலுவலருக்கும் கொடுங்கள். நம் மாவட்டம் சுகாதாரத் துறைக் கணக்கில் ராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு. எந்த பி.எச்.சி. எதில் வருகிறது என்று பார்த்து எழுத வேண்டும். கூடவே ஒரே பக்கத்தில், தமிழில், என்ன பார்க்கப் போகிறீர்கள், யாருடைய பெயரையும் எடுக்க மாட்டீர்கள், முடிவை யாரிடம் தருவீர்கள் என்று எழுதி வையுங்கள். கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் நாளாகும், பிப்ரவரி தாண்ட விடாதீர்கள்.

2018இல் நிதி ஆயோக் வளர்ச்சியை எதிர்நோக்கும் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டில் எடுத்தது ராமநாதபுரத்தையும் விருதுநகரையும்தான். மதிப்பெண்ணில் 100க்கு 30 சுகாதாரத்துக்கும் ஊட்டச்சத்துக்கும். எனவே மாவட்ட அளவில் எண்களைக் கேட்பார்கள், பார்ப்பார்கள். உங்கள் வேலை அந்த எண்களில் எதைத் தொடுகிறது என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் கவனம் கிடைக்கும்.

வழிகாட்டி என்று ஒருவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவ அலுவலருக்கு நேரம் இருக்காது. கிராம சுகாதார செவிலியரும் சமுதாய சுகாதார செவிலியரும்தான் உங்களுக்கு அதிகம் கற்றுத்தருவார்கள். அவர்களோடு நடங்கள், அவர்கள் பையை ஒரு நாள் தூக்கிப் பாருங்கள். ஊருக்குள் போகும் முன் ஊர்த் தலைவரிடமோ பங்குத்தந்தையிடமோ ஜமாத்திலோ சொல்லிவிட்டுப் போவது நம் பக்கத்து முறை, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு நிபந்தனை: உங்கள் சொந்த ஊர் பி.எச்.சி.யை எடுக்காதீர்கள், பக்கத்து பி.எச்.சி. போதும். பதிவேட்டைத் திறந்தால் யாருக்குக் காசநோய், யார் வீட்டில் கருக்கலைப்பு என்று தெரிந்துவிடும். படித்த பிள்ளை, நம்ம பிள்ளை என்று நம்பி அந்தப் பெண்கள் வாய்திறக்கும் பேச்சு, நாளைக்குக் கல்யாண வீட்டில் அவர்களை நேரில் பார்க்கும்போது உங்களுக்கும் சுமை, அவர்களுக்கும் சங்கடம். செல்போனில் பதிவேட்டுப் பக்கத்தைப் படம் எடுப்பது அடியோடு கூடாது. தேவையான எண்ணை மட்டும், பெயரில்லாமல், எழுதிக்கொள்ளுங்கள்.

அறிக்கை இரண்டாக இருக்கட்டும். கல்லூரிக்கு ஆங்கிலத்தில் ஒன்று. பி.எச்.சி.க்குத் தமிழில் இரண்டே பக்கம், அதையும் மாதக் கூட்டத்தில் தன்னார்வலர்கள் முன்னால் நீங்களே படித்துக் காட்ட வேண்டும். "அப்படியில்லம்மா" என்று அவர்கள் திருத்துவதை எழுதிச் சேர்த்த பிறகுதான் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். ரெஸ்யூமேயில் இத்தனை மாதப் பதிவில் இத்தனை வருகை தவறியது, காரணம் இது, அட்டவணையை இப்படி மாற்றினார்கள் என்று மூன்று வரி இருந்தால், எந்த ஊர் அலுவலகமாக இருந்தாலும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

மருத்துவமனைக்குள்தான் செய்ய வேண்டும் என்று கல்லூரி பிடிவாதம் பிடித்தால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். 1976இல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கியது. 1992இல் ஆரம்பித்த அவர்களுடைய லைக்கோ நிறுவனத்துக்கு வெளிநாட்டு மருத்துவமனை நிர்வாகிகளே வந்து பயிற்சி பெறுகிறார்கள்.

கடைசியாக, அம்மா. அவர் பதிலை ஆய்வுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மகள் கேட்டால் எந்த அம்மாவும் மகளுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார். ஆனால் வேறு யாரிடமும் கேட்பதற்கு முன், உங்கள் கேள்விகளை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்த மாதம் பாசி நிற்கும், யார் எந்தத் தீவுப் பக்கம் போகிறார்கள், எந்தக் கேள்விக்கு ஊர்ப் பெண்கள் பதில் சொல்ல மாட்டார்கள் என்று அவர் சொல்வார். எந்தக் கேள்வியை அவர் "இதையெல்லாம் கேக்காத" என்கிறாரோ, அதை எடுத்துவிட்டு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புங்கள்.